இரண்டு கை உப்பு

“மாஸ்டர், இன்னும் எத்தனை நாளைக்கு நான் வெங்காயமே உரிக்கிறது?”

கேட்டவர் சுப்புராயன். வயது நாற்பத்தேழு. இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரி. சமையல்காரராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, மூன்று மாத விடுப்பில் திருச்சி ஓட்டல் ஒன்றில் சம்பளமில்லாமல் வேலை கற்க வந்தவர்.

நாளையோடு விடுப்பு முடிகிறது. மறுநாள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார வேண்டும், இல்லையென்றால் ராஜினாமா. அடுப்பையே தொடாத மனுஷன் எந்தத் தைரியத்தில் ராஜினாமா எழுதுவார்?

மாஸ்டர் ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தொன்று. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உரிங்க சார்.”

அந்தச் சமையற்கட்டில் ஒரு வழக்கம். உப்புப் போட்டவர் கரண்டியைப் பாத்திரத்தின் மேல் குறுக்கே வைத்துவிட வேண்டும். அதைப் பார்த்தால் அடுத்தவர் உப்பைத் தொடமாட்டார்.

மாஸ்டர் சாமான் அறைக்குப் போனார். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

சுப்புராயனுக்குக் கை பரபரத்தது. மூன்று மாதமாகப் பார்த்த அளவுதானே! உப்பை அள்ளிப் போட்டார். கரண்டியைக் குறுக்கே வைத்தால் மாட்டிக்கொள்வோமே என்று வைக்கவில்லை. ஒன்றும் தெரியாத பிள்ளையாக வெங்காயத்திடம் திரும்பிவிட்டார்.

மாஸ்டர் வந்தார். கரண்டி குறுக்கே இல்லை. தன் கையாலும் போட்டார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இரண்டு பேர் உப்பிட்டால் யாரை ஐயா நினைப்பது?

வெளியே இலை போட்டாகிவிட்டது. உதவிச் சமையல்காரர் காதர் சாம்பாரில் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “ஐயோ, கடல் தண்ணி!” என்றார்.

“எனக்கு முன்னாடி யார் போட்டது?” என்றார் மாஸ்டர்.

வெங்காயம் உரிப்பவர்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் எழுந்து நின்றார் மனுஷன்.

“நான்தான் மாஸ்டர். கேட்காம போட்டுட்டேன்.”

மாஸ்டர் திட்டவில்லை. அண்டா நிறைய இருந்த சாம்பாரைக் கொட்டச் சொன்னார். நேரே கூடத்துக்குப் போய், இலை முன்னால் இருந்தவர்களைக் கும்பிட்டார்.

“சாம்பார் வர அரைமணி ஆகும். தப்பு என்னுது. அதுவரைக்கும் மோர்க்குழம்பு ஊத்தச் சொல்றேன்.”

கதவோரம் நின்ற சுப்புராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்துநாலு வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் இப்படி ஒரு மேலதிகாரியை அவர் கண்டதில்லை.

“தப்பு என்னுது. நீங்க ஏன் மாஸ்டர்...”

“சமையற்கட்டு என்னுது சார்.”

அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. ஏப்ரனை அவிழ்த்தார்.

“நான் ஆபீசுக்கே போயிடறேன் மாஸ்டர். இதுக்கு நான் லாயக்கில்லை.”

“போனா எப்படி? ராத்திரிக்குன்னு வேகவச்ச பருப்பு இருக்கு. புது சாம்பார் நீங்கதான் வைக்கிறீங்க.”

காதருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இவரா? இவ்வளவுக்கு அப்புறமுமா?”

மாஸ்டர் உப்பு டப்பாவை எடுத்துச் சுப்புராயன் கையில் வைத்தார்.

“கை நடுங்குது பாருங்க, காதர் பாய். இன்னிக்கு நம்மள்ல உப்பைப் பயந்து போடப்போறது இவர் ஒருத்தர்தான்.”