அடுப்பு காணாத போல்ட்

இந்தக் கதையை நான் பல வருஷம் நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்கிறவர் அல்ல. அதுதான் தொந்தரவு.

கோவையில் ஒரு முலாம் பட்டறை. சிங்கராயர் அங்கே மேஸ்திரி. அப்போது வயது ஐம்பத்திரண்டு. தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் காமிலா. அவருக்கு மகள் வயது. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்பதால் பட்டறையில் அவளுக்கு டீச்சர் என்று பெயர்.

பொருட்காட்சியில் சுற்றும் ராட்சத ராட்டினத்துக்கு நானூறு போல்ட். தொட்டிலைத் தாங்கும் போல்ட். ஆசிட்டில் முக்கித் துரு எடுத்து, துத்தநாகப் பூச்சும் போட்டாயிற்று. பாக்கி, எட்டு மணி நேரம் அடுப்பில் வைப்பது.

லாரி வாசலில் நின்றது. ராட்டினக்காரர் போன் மேல் போன்.

சிங்கராயர் அடுப்பை விட்டுவிட்டார். பதிலுக்கு ஐந்து போல்ட்டை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்தார். ஐந்தும் தாங்கின.

"ஒண்ணுகூட உடையலையே டீச்சர். அப்புறம் அடுப்பு எதுக்கு?"

காமிலா கையெழுத்துப் போடவில்லை. ஒரு போல்ட்டை எடுத்தாள். தடித்த இரும்புத் தகட்டில் மாட்டி, நட்டை முழு இறுக்கம் இறுக்கி, அவர் மேஜையில் வைத்தாள்.

"இதைக் கேளுங்க மேஸ்திரிண்ணா."

"போல்ட் பேசுமா?"

"பேசும். மெதுவாத்தான் பேசும்."

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள், டீச்சரோட போல்ட் இன்னும் வாயைத் திறக்கலை என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

மூன்றாம் நாள் மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். டக். போல்ட்டின் தலை துள்ளிச் சோற்றில் விழுந்தது.

யாரும் தொடவில்லை. முறிந்த இடத்தில் துருவின் சுவடுகூட இல்லை.

கையோடு அதை எடுத்துக்கொண்டு காமிலாவிடம் போனார்.

"துருவே இல்லையே. எது தின்னுச்சு?"

"துருவை விரட்ட ஆசிட்ல முக்கினோம். துரு போச்சு, ஆசிட்ல இருந்த ஹைட்ரஜன் இரும்புக்குள்ள வந்துச்சு. அது வெளிய வர்றதுக்குள்ள பூச்சைப் போட்டு வாசலைச் சாத்திட்டோம். சூடு பண்ணினாத்தான் அது வெளிய வரும். இல்லேன்னா இறுக்கத்துல இருக்கிற இரும்பை உள்ளேயிருந்து மெதுவா விரிசல் விட வைக்கும்."

சிங்கராயர் எப்போதும் இங்கேதான் நிறுத்துவார். அந்தத் தலை இன்றும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் எவ்வளவு அழைத்தாலும் பொருட்காட்சிக்கு மட்டும் போகமாட்டார்.

போல்ட் தானாக உடையுமா என்றே இத்தனை வருஷம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். சந்தேகப்பட வேண்டிய இடம் அது இல்லை என்று போன வாரம்தான் உறைத்தது. அவரிடமே கேட்டேன்:

"அந்த மூணு நாளும் லாரி எங்க நின்னுச்சுங்க?"