மடிக்காத இலை

ஆற்றின் அக்கரையை ஆண்ட அண்ணனை வெல்லத் தம்பி அரசன் கடல் கடந்த நாட்டுத் தளபதியை விருந்தாளியாக அழைத்தான். போர் ஓய்ந்து மூன்று வருடமாகியும் தளபதி போகவில்லை. ஆற்றில் படகுப் போக்குவரத்தையும் நிறுத்திவிட்டான். அரண்மனைச் சமையல்காரன் சடையப்பனின் மனைவி அக்கரையில் இருந்தாள். தினமும் அங்கே எழும் அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டே அவன் சோறு வடித்தான். ஒருநாள் பந்தியில், விருந்தாளி படகை நிறுத்தலாமா என்று சொல்லி, அக்கரைக்குப் போகப் படகு கேட்டான்.

"நான் விருந்தாளி இல்லையென்று நிரூபி, விடுகிறேன். தோற்றால் உன் தலை போகும்" என்றான் தளபதி.

"விருந்தாளி சாப்பிட்டதும் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார், ஐயா. நீங்கள் மூன்று வருடமாகக் குழம்பு கேட்கிறீர்களே!"

பந்தியே சிரித்தது. அரசன் மட்டும் தலைகுனிந்தான். படகு அவிழ்ந்தது.

அக்கரையில் அண்ணனின் பந்தியில் வேறொரு நாட்டுத் தளபதி உட்கார்ந்திருந்தான். கரண்டியோடு நின்றவள் சடையப்பனின் மனைவி. அவன் ஏங்கிப் பார்த்த புகை அந்த இலைக்காக எழுந்ததுதான்.