தடம் இல்லாத வளைவு

"அறவே அறாத ஓஸ் எது மேஸ்திரி?"

மூக்கையா வந்து நின்னதும் கேட்டது இதுதான். வணக்கம்கூட சொல்லல. ஓஸ்னா சக்கரத்துப் பிரேக்குக்கு ஆயில் கொண்டுபோற ரப்பர் குழாய்.

ஜெசிந்தா மேஸ்திரி ஒரு வேனுக்கு அடியில கிடந்தாங்க. தலைய மட்டும் நீட்டிப் பாத்தாங்க.

"அப்படி ஒண்ணு இல்ல."

மறுபடி உள்ள போயிட்டாங்க.

நான் பக்கத்துப் பஞ்சர் கடை. எனக்கு வேலை கம்மி, காது நீளம். அதனால எல்லாம் கேட்டுச்சு.

வத்தலக்குண்டுல பிரேக் வேலைக்குன்னா ஜெசிந்தாதான். மலையில இறங்குற டிரைவருங்க அத்தனை பேரும் இங்கதான் வருவாங்க. அந்தம்மா கை வச்சாத்தான் எங்க காலுக்கு நம்பிக்கைம்பாங்க.

மூக்கையா அவங்களவிடப் பதினஞ்சு வயசு மூத்தவரு. மலை மேல, மன்னவனூர்ப் பக்கம், சொந்தமா ஒர்க்‌ஷாப். முப்பது வருஷமா ஸ்பேனர் புடிச்ச மனுஷன். அவரு இப்படிக் கையக் கட்டிட்டு நின்னதப் பாத்து எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

வெளிய, லாரியில ஏத்திக் கொண்டாந்து இறக்குன அவரோட பிக்கப் நின்னுச்சு. உயரம் ஏத்துன வண்டி. பெரிய பெரிய டயரு. ஒரு கதவு மட்டும் வேற கலரு.

"மேஸ்திரி, எனக்குத் தொழில் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். தெரியல. இந்த வண்டிக்கு ஓஸ் போடச் சொல்லிக்குடுங்க."

"யாரு ஓட்டப்போறா?"

"மருமக. சுகந்தின்னு பேரு. கேரட் லோடு அடிக்கணும், சாவி குடுங்கன்னு நிக்கிறா. ரெண்டு மாசமாக் கேக்குறா. நான் குடுக்கல."

"ஏன்?"

"எம்மவன் தவசீலன் எட்டு மாசத்துக்கு முந்தி இந்த வண்டியிலதான் போய்ச் சேந்தான்."

ஜெசிந்தா வெளிய வந்து தரையில உக்காந்தாங்க.

"சொல்லுங்கண்ணே."

"இறக்கத்துல ஒரு வளைவு. நேரா கீழ இருந்த பூண்டுக் காட்டுக்குள்ள போயிட்டான். ரோட்டுல டயர் தடமே இல்ல. வேகமாப் போனாங்கிறான் ஒருத்தன். தூங்கிட்டாங்கிறான் இன்னொருத்தன். வந்து பாத்தவங்க எல்லாரும் ஒண்ணு சொன்னாங்க, பிரேக்கே போடலன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

ஜெசிந்தா அவர் முகத்தையே பாத்தாங்க.

"பழைய ஓஸ் எங்க?"

"தொலைஞ்சு போச்சு."

"பழசப் பாக்காம நான் புதுசு போடுறதில்ல."

அவ்வளவுதான் பேச்சு. எந்திரிச்சு வேன் வேலையப் பாக்கப் போயிட்டாங்க.

மூக்கையா ஊருக்குத் திரும்பிப் போகல. என் கடை பெஞ்சுல வந்து உக்காந்தாரு. மடியில ஒரு டிபன் பை. டீ குடிச்சாரு, பன்னு தின்னாரு, அந்தப் பைய மட்டும் திறக்கவே இல்ல.

"என்னண்ணே, உள்ள பிரியாணியா? இப்படிக் கட்டிப் புடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க?"

நான் சும்மா இருக்கமாட்டாம கேலி பண்ணிட்டேன். அவரு சிரிக்கல. இன்னிக்கு நெனச்சாலும் என் நாக்க அறுத்துப் போடலாம்போல இருக்கு.

மறுநாள் எங்கேயோ போயி ஒரு ஓஸ் வாங்கிட்டு வந்தாரு. ரொம்ப நீளம்.

"மேஸ்திரி, இது எவ்வளவு இழுத்தாலும் அறாதுல்ல?"

"மாட்டிப் பாருங்க."

மாட்டினாரு.

"ஸ்டியரிங்க முழுசா ஒடிங்க."

ஒடிச்சாரு. ஜெசிந்தா சக்கரத்தைக் கையால மெதுவா உருட்டுனாங்க. நீளமாத் தொங்குன ஓஸ் மேல டயரு உரசிட்டுப் போச்சு.

"இதுவும் அறும்."

மூக்கையா கழட்டுனாரு. பெஞ்சுக்கு வந்தாரு. டிபன் பைய மறுபடி மடியில எடுத்து வச்சுக்கிட்டாரு.

மூணாம் நாளு காலைல, நான் கடையக்கூட முழுசாத் திறக்கல, அவரு நேரா ஜெசிந்தாகிட்டப் போனாரு. டிபன் பையத் திறந்தாரு. நியூஸ் பேப்பர்ல சுத்தி வச்சிருந்தாரு. அரை முழம் கறுப்பு ரப்பர், ஒரு முனை பிஞ்சு போயிருந்துச்சு.

ஜெசிந்தா அதை வாங்கிக் கட்டைவிரலால தடவுனாங்க.

"தேயல. இழுத்து அறுந்திருக்கு."

"ஆமா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. காட்டுலேருந்து வண்டியத் தூக்குனப்பவே பாத்துட்டேன். யாரும் பாக்குறதுக்கு முந்தி கழட்டிட்டேன்."

"உயரம் ஏத்துனது யாரு?"

"நான்தான். மண்பாதையில அடி தட்டுதுப்பா, தூக்கிக் குடுன்னான். நாலு இஞ்ச் தூக்குனேன்."

"ஓஸ மாத்தலயா?"

"குனிஞ்சு பாத்தேன் மேஸ்திரி. போதும்போலதான் இருந்துச்சு."

"எப்பப் பாத்தீங்க? வண்டி எப்படி நின்னுச்சு?"

"தரையிலதான் நின்னுச்சு."

ஜெசிந்தா ஜாக்கிய உருட்டிட்டு வந்தாங்க. முன்பக்கத்த ஏத்துனாங்க. சக்கரம் தரைய விட்டுச்சு. அப்புறமும் ஏத்துனாங்க. சக்கரம் கீழ இறங்கி இறங்கி, அந்தரத்துல தொங்கி நின்னுச்சு.

பழைய ஓஸை எடுத்து ரெண்டு முனைக்கும் வச்சுக் காட்டுனாங்க. நாலு விரக்கடை பத்தல.

மூக்கையா திரும்பி ரோட்டப் பாத்துட்டு நின்னாரு. பூண்டுக் காட்டுல அந்தச் சக்கரம் அப்படித்தான் தொங்கிட்டு இருந்துச்சாம். பின்னால ஒருநாள் அவரே சொன்னாரு.

"குழியில இறங்குற சக்கரம் இப்படித்தாண்ணே தொங்கும். இங்கதான் அளக்கணும். நீங்களே அளங்க."

"மேஸ்திரி, நீங்க..."

"நீங்கதான் அளக்கணும்."

ஜெசிந்தா நீட்டுன அளவு நூலை வாங்கிட்டு அடியில போனாரு. சாதாரணமா அது ஒரு நிமிஷ வேல. ஒரு லாரிக்கு நான் ரெண்டு பஞ்சர் ஒட்டி முடிச்சேன், அப்பவும் அவரு வெளிய வரல. ஜெசிந்தாவும் கூப்பிடல, என்னையும் போகவிடல.

வெளிய வந்தப்ப கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு. அளவு சரியா இருந்துச்சு.

ரெண்டு பக்கத்துக்கும் புது ஓஸ் ரெடியாச்சு. சக்கரத்தத் தொங்கவிட்டுப் பாத்தாச்சு, ஸ்டியரிங்க ஒடிச்சுப் பாத்தாச்சு. இழுக்கல, உரசல.

"இனி பிரேக்குல ஏர் எடுக்கணும்"னாரு மூக்கையா. "யாராச்சும் ஏறி மிதிச்சா, நான் கீழ நிப்பிளத் திறந்து காத்த வெளிய விட்டுருவேன்."

நான் லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு எந்திரிச்சேன்.

"நீ உக்காருய்யா"ன்னாங்க ஜெசிந்தா. "ஓட்டப்போறவங்கதான் மிதிக்கணும். மருமகளக் கூப்பிடுங்கண்ணே."

"அவ எதுக்கு மேஸ்திரி?"

"கூப்பிடுங்க."

மறுநாள் பஸ்ல வந்துச்சு அந்தப் பொண்ணு. சின்ன வயசு, முகத்துல மட்டும் பத்து வயசு கூடியிருந்துச்சு. வண்டியச் சுத்தி ஒரு நடை நடந்துச்சு. வேற கலர்க் கதவத் திறந்து ஏறி உக்காந்துச்சு. ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிச்சு.

மூக்கையா அடியில போனாரு.

"மிதிம்மா."

"மிதிச்சிட்டேன் மாமா."

"விடாதே. அப்படியே பிடி."

நிப்பிளத் திறந்தாரு. காத்தும் ஆயிலும் புஸ்ஸுன்னு டப்பாவுல விழுந்துச்சு.

"மாமா."

குரல் மாறிப் போச்சு.

"மாமா, கால் கீழ போயிடுச்சு."

ஆயில் டப்பாவுல சொட்டிட்டே இருந்துச்சு.

"பலமாத்தான் மிதிச்சேன். கடைசி வரைக்கும் போயிடுச்சு. காலுக்கடியில ஒண்ணுமே இல்ல மாமா."

ஏர் எடுக்கும்போது அப்படித்தான் இறங்கும், பயப்படாதம்மான்னு ஜெசிந்தா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் அவங்களப் பாத்தேன். அவங்க கையில இருந்த ஸ்பேனரத் தொடச்சிட்டே நின்னாங்க.

"மாமா, ஓடுற வண்டியில இப்படி ஆகுமா?"

ஆகாதுன்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சு போயிருக்கும். சாவிய வாங்கிட்டு அந்தப் பொண்ணு கிளம்பியிருக்கும்.

"ஆகும்மா."

"எப்ப ஆகும்?"

நிப்பிள இறுக்கிட்டு மூக்கையா வெளிய வந்தாரு. டிபன் பையிலருந்து அந்த ரப்பரை எடுத்தாரு. கதவுகிட்டப் போய் நின்னாரு.

"இது அறுந்தா ஆகும். அன்னிக்கு முன் சக்கரத்துல இதுதான் அறுந்துச்சு. லோடு வண்டிய இறக்கத்துல பின் பிரேக் மட்டும் நிறுத்தாதும்மா. உயரம் ஏத்துனவனும் நான், ஓஸ மாத்தாம விட்டவனும் நான். தெரிஞ்சும் எட்டு மாசம் வாயத் திறக்கல. என் புள்ள மேல ஊரே பழி போட்டுச்சு, நான் கேட்டுட்டு நின்னேன்."

கத்தப் போகுது, ஓங்கி ஒண்ணு வைக்கப் போகுதுன்னுதான் நான் நெனச்சேன். அடிச்சிருந்தா அவரு நின்னு வாங்கியிருப்பாரு.

சுகந்தி அந்த ரப்பரை வாங்கி மடியில வச்சுக்கிச்சு.

"அன்னிக்குக் காலைல எங்களுக்குச் சண்டை மாமா. யாருகிட்டயும் சொல்லல."

அவரு நிமிந்து பாத்தாரு.

"போய்த் தொலைன்னு சொல்லிட்டேன். சாப்பிடாமப் போயிட்டாரு. அப்புறம் வந்து, பிரேக்கே போடலன்னாங்க. ரோட்டுல தடமே இல்லன்னாங்க. எட்டு மாசமா நான்..."

முடிக்கல. குனிஞ்சு தன் காலைப் பாத்துச்சு. கால் இன்னும் பெடல் மேலதான் இருந்துச்சு.

"அப்ப, அவரு மிதிச்சிருக்காரு."