கண்ணாடியைத் தொட்ட கை

அப்படிச் சொல்லாத பாஞ்சாலி. கத்தியைத் தொடாம நின்னா டாக்டர் இல்லையா? பிளேன் ஏறிப் போய் வேடிக்கை பாத்துட்டு வந்தாங்கன்னு நீ பாட்டுக்குச் சொல்லிட்ட. திருநெல்வேலிப் பக்கம் கழுத்துல கழலை வந்தா, டாக்டர் தேவநேசம் அம்மா கையில கழுத்தைக் குடுத்துட்டுத் தைரியமா தூங்கலாம்னு சொல்லுவாங்க. அந்தக் கை ஒருநாள் ஏன் சும்மா நின்னுச்சுன்னு கேட்டுட்டு அப்புறம் பேசு.

கூடப் போனது அவங்க சிஷ்யன் சுடலைமணி. சிஷ்யன்னா சின்னப் பையன் இல்ல, காதோரம் நரைச்ச சர்ஜன். ஆப்பிரிக்காவுல மலாவின்னு ஒரு நாடு. கடல் மாதிரி ஒரு ஏரி, அதோட கரையில ஒரு ஆஸ்பத்திரி. அங்க கழுத்துக் கழலைக்காரங்க நெறைய. அதை அறுத்து எடுக்கிற வித்தையை அந்த ஊரு டாக்டர் தமாண்டாவுக்குச் சொல்லிக் குடுக்கணும், அதுக்குத்தான் போனது. சம்பளம் கிடையாது, சும்மா சேவை.

சுடலைமணி பொண்டாட்டி இருக்காளே, வெளிநாட்டுல நாக்கு செத்துப்போயிடும்னு பெட்டியில மாவடு வச்சு அனுப்பிட்டா. அது வழியிலயே ஒழுகி, ஆபரேஷனுக்குப் போடுற பச்சைச் சட்டை பூரா மாவடு வாசம். நர்சுங்க அவன் கிட்ட வந்து வந்து மோந்து பாத்தாங்களாம். என்ன சென்ட்டு டாக்டர்னு ஒருத்தி கேட்டாளாம். சரி, அது கெடக்கட்டும்.

போய் இறங்கினதும் வாசல்ல நர்சுங்க வரிசையா நின்னு வரவேற்புப் பாட்டு. கைதட்டி, தோளை ஆட்டி, ஒரு பிசிறில்லாம. சுடலைமணிக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

"நமக்காக எவ்வளவு பழகியிருக்காங்க பாருங்க மேடம்."

தமாண்டா பக்கத்துலதான் நின்னா. ஒல்லியா, உயரமா, பல்லு தெரியாம சிரிக்கிற பொண்ணு. "வருஷம் பூரா டீம் வருது டாக்டர்," அப்படின்னா. "பாட்டு அதேதான். ஊர் பேரை மட்டும் மாத்திக்குவோம்."

கேட்டா வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்லு. வந்த டீமெல்லாம் என்ன செஞ்சுது? வந்துச்சு, அறுத்துச்சு, போட்டோ எடுத்துச்சு, போயிடுச்சு. தமாண்டா என்ன செஞ்சா? காயத்தை விரிச்சுப் பிடிக்கிற கொக்கி இருக்குல்ல, அதைப் பிடிச்சிக்கிட்டு நின்னா. யாரு வந்தாலும் அவளுக்குக் கொக்கிதான். கடைசியா வந்த டீம் எல்லாருக்கும் பனியன் குடுத்துச்சாம், நெஞ்சுல 'கற்றுக்கொடுக்க வந்தோம்'னு எழுதி. அதை வச்சு அங்க ஜன்னல் துடைச்சிக்கிட்டு இருந்தாங்க.

நம்ம ஆளு மட்டும் என்ன வாழ்ந்தான்? மொத நாளே தமாண்டா கையில கத்தியைக் குடுத்தான். அவ நிதானமா முடிச்சுப் போடுறதைப் பாத்தான். பொறுக்கல. "குடும்மா, நான் செஞ்சு காட்டுறேன்"னு வாங்கிட்டான். வாங்கினவன் திருப்பிக் குடுக்கவே இல்ல. மறுநாளும் அதே கதை. தேவநேசம் அம்மா ஓரமா நின்னு பாத்தாங்க.

சாயந்தரம் அவனே ஆரம்பிச்சான்.

"மேடம், வெளிய இவ்வளவு கூட்டம் காத்துக் கெடக்கு. அந்தப் பொண்ணு ஒரு கழலைக்கு அரை நாள் எடுப்பா போலிருக்கு. நாமளே செஞ்சா எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுவாங்க."

"நாமளும் போயிடுவோம்," அப்படின்னாங்க.

அவனுக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா விடல. "அவளுக்கு இன்னும் தைரியம் வரல மேடம்."

தமாண்டா சாப்பாட்டுத் தட்டோட அங்கதான் உக்காந்திருந்தா. தட்டைக் கீழ வச்சா.

"போன மழைக்கு ஒரு அம்மா வந்தாங்க டாக்டர். கழலை மூச்சுக்குழலை நெரிச்சிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற ரோட்டை வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. அந்த வாரம் எந்த டீமும் இல்ல. நான்தான் இருந்தேன். என் முன்னாலயே செத்துப்போனாங்க. எனக்குத் தைரியம் எங்கிருந்து வரும்?"

சுடலைமணி சோத்தைப் பிசைஞ்சிக்கிட்டே இருந்தான்.

மறுநாள் மேஜையில படுத்திருந்தது எஸ்னாத்னு ஒருத்தி. ஏரிக்கரையில மீனைக் கூவி விக்கிறவ. கழுத்துல தேங்கா அளவுக்குக் கழலை. குரல் நரம்பு அதுக்குப் பின்னாலயே நூல் மாதிரி ஓடுது. அது அறுந்தா குரல் போச்சு, அவ பொழப்பும் போச்சு.

"தமாண்டா, இன்னைக்கு முழுக்க நீதான். கொக்கியை நான் பிடிக்கிறேன்," அப்படின்னாங்க தேவநேசம் அம்மா. இவன் பக்கம் திரும்பி, "சுடலை, நீ கை கழுவாத. தலைமாட்டுல நின்னு பாரு."

"கழுவாமயா?"

"கழுவாமத்தான்."

உனக்கு இது விளங்கணும் பாஞ்சாலி. ஆபரேஷனுக்கு முழங்கை வரைக்கும் தேச்சுக் கழுவி உறை மாட்டிட்டா, காயத்தையும் ஆயுதத்தையும் தவிர வேற எதையும் தொடக்கூடாது. மூக்கு அரிச்சா அரிச்சதுதான். எங்க அத்தை ஒருத்தி குளிச்சிட்டு, யாரையும் தொடாம, மடியா முறுக்கு சுத்துவா. புள்ளைங்க போய்க் காலைக் கட்டிக்கிட்டா, எண்ணெயைக் காய விட்டுட்டு மறுபடி குளிக்கப் போவா. தீஞ்ச முறுக்கைத்தான் நாங்க தின்னு வளந்தோம். இது அந்த மடியை விடக் கடுசு.

தமாண்டா நல்லாத்தான் செஞ்சா. கழலையில பாதி கழண்டு வந்துடுச்சு. அப்போ மேல் பக்கத்து ரத்தக்குழாய்ல போட்ட கட்டு நழுவிடுச்சு. குபுகுபுன்னு ரத்தம். குழி நெறஞ்சு ஒண்ணும் தெரியல.

 அவ இடுக்கியை எடுத்து அந்த ரத்தத்துக்குள்ள கண்ணு தெரியாம விடப்போனா. அப்படி விட்டா நரம்பு சிக்கிக்கும். சட்டுன்னு நிறுத்திட்டா. இடுக்கியை நேரா தேவநேசம் அம்மா கிட்ட நீட்டினா.

"நீங்க பிடிங்க மேடம். என்னால ஆகாது."

வாங்கணும்ல? வாங்கினா ஒரு நொடி வேலை அவங்களுக்கு. சுடலைமணி மனசுக்குள்ள வாங்குங்க, வாங்குங்கன்னு கத்துறான்.

அவங்க கொக்கியை நர்சு கையில குடுத்தாங்க. வலது கையைத் தூக்கினாங்க. மூக்குக் கண்ணாடியை நல்லா ஒருதரம் மேல ஏத்தி விட்டாங்க.

 இனிமே அந்தக் கை காயத்துக்கு ஆகாது. மேஜையை விட்டு ஒரு எட்டு பின்னாடியும் போயிட்டாங்க.

"இடுக்கியைக் கீழ வை," அப்படின்னாங்க. "விரலை வை. அமுக்கு. அப்படியே இரு. ஒரு அவசரமும் இல்ல."

தமாண்டா அமுக்கினா. ரத்தம் நின்னுச்சு. மூச்சு இறங்குற வரைக்கும் அவ விரலை எடுக்கல. அப்புறம் பஞ்சை வச்சு ஒத்தினா, விரலை மெல்ல மெல்ல விலக்கினா. குழாயோட வாய் கண்ணுக்குத் தெரிஞ்சுது. பிடிச்சா, கட்டினா, மேல இன்னொரு கட்டும் போட்டா. மீதிக் கழலையையும் அவளே எடுத்தா.

எஸ்னாத்துக்கு மயக்கம் தெளிஞ்சதும் தமாண்டா குனிஞ்சு, "பேசுங்கம்மா"ன்னா. எல்லார் உசுரும் அந்த ஒரு வார்த்தையில நிக்குது. எஸ்னாத் கழுத்தைத் தடவிப் பாத்தா. "என் பாசிமணியை எவ கழட்டினது?"ன்னு கரகரத்த தொண்டையில ஒரு அதட்டு. வராந்தா வரைக்கும் கேட்டுதாம்.

எல்லாரும் சிரிக்கிறாங்க. சுடலைமணிக்குச் சிரிப்பு வரல.  கை கழுவுற குழாயடியில போய்த் தேவநேசம் அம்மாவைப் பிடிச்சிக்கிட்டான்.

"அந்தம்மா செத்திருந்தா மேடம்?"

"விரலை வச்சா ரத்தம் நிக்கும். அவ விரலும் விரல்தானே."

"நிக்கலன்னா?"

"எனக்கு வேற கவுனும் கையுறையும் தயாரா இருந்துச்சு. நான் மறுபடி கழுவிட்டு வர்ற வரைக்கும் அவ அமுக்கிப் பிடிச்சிருக்கணும். பிடிப்பான்னு தெரியும்."

"அவ கெஞ்சினா மேடம். அந்த நேரத்துல கையை இழுத்துக்கிட்டீங்களே, இது என்ன நியாயம்?"

"ரோடு அடிச்சிட்டுப் போன அன்னைக்கு யாரைக் கெஞ்சுவா?"

அவனுக்குக் கோபம் அடங்கல. "சரி, அவளையே செய்யச் சொல்லணும். நீ செய், நான் தொட மாட்டேன்னு வாயால சொன்னா போதாதா? ஆபரேஷன் தியேட்டர்ல காதைச் சொறிஞ்சேன்னு என்னை வெளிய துரத்தினவங்க நீங்க. அந்தக் கண்ணாடியை எதுக்குத் தொட்டீங்க?"

தேவநேசம் அம்மா குழாயை மூடினாங்க. ஈரக் கையை உதறினாங்க.

"என் கையை எனக்குத் தெரியும் சுடலை. சுத்தமா இருந்தா அது சும்மா இருக்காது."



ஏ கோமதி, தூத்தல் விழுது, மாடியில காயுற வத்தலை உள்ள எடுத்துட்டு வா. நீ உக்காரு பாஞ்சாலி, அவ எடுத்துட்டு வருவா.