கொப்புளம் விட்ட தட்டு

"மேடம், இதையும் கொட்டிடவா?"

மாரீஸ்வரி அறை வாசலிலேயே நின்றாள். கையில் சிறுநீரகச் செல் வளர்த்த இரண்டு தட்டுகள். சேமிப்பில் இருந்த செல்லில் மிச்சம் இவைதான். நாளைக் காலை ஆய்வுக் குழுவிடம் காட்டியாக வேண்டும். காட்ட ஒன்றுமில்லை என்றால் அவள் ஆராய்ச்சிப் படிப்பு அத்தோடு முடிந்தது.

பேராசிரியை ஜெஸிந்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன ஆச்சு?"

"கொப்புளம் கொப்புளமா கிளம்புது மேடம். செல் படலம் தட்டைவிட்டு உரியுது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்."

"யார்கிட்டயாவது கேட்டியா?"

"பக்கத்து லேப் இன்பசேகர் அண்ணன்கிட்ட காட்டினேன். 'தட்டுக்கு அம்மை போட்டிருக்கு, வேப்பிலை சொருகு'ன்னாங்க. அதுக்கப்புறம் யாரையும் கேக்கலை."

ஜெஸிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. மாரீஸ்வரிக்கு வரவில்லை. "எம் பொண்ணு டாக்டருக்குப் படிக்கா" என்று அவள் அம்மா சாத்தூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எந்த டாக்டர் என்று அம்மாவுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது.

ஜெஸிந்தா ஒரு தட்டை வாங்கி நுண்ணோக்கியில் வைத்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு அதிலிருந்த திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, குப்பி ஒன்றிலிருந்து வேறு திரவத்தை விட்டார்.

"ஐயோ மேடம், இருக்கிறதே ரெண்டுதான்!"

"பதறாதே. பாரு."

மாரீஸ்வரி கண்ணை வைத்தாள்.

கொப்புளங்கள் சற்று நேரம் அப்படியே நின்றன. பிறகு ஒன்று அமுங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படலம் இஸ்திரி போட்ட துணியாகிவிட்டது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சரியாயிடுச்சு மேடம்! என்ன மருந்து இது?"

"மருந்தா? கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கிற கரைசல்."

மாரீஸ்வரியின் சிரிப்பு பாதியில் நின்றது. கால்சியம் போனால் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இறுக்கமான ஒட்டு விட்டுப்போகும். தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய விடை.

"அப்ப... இடுக்கெல்லாம் திறந்துகிச்சா?"

"ம்."

"திறந்ததும் ஏன் அமுங்கணும்?"

"இந்தச் செல்லுக்கு உடம்புல என்ன வேலை?"

"மேல்பக்கம் வர்ற சோடியத்தை வாங்கி அடிப்பக்கமாத் தள்ளும். பின்னாடியே தண்ணியும் போகும். அங்கேருந்து ரத்தத்துக்கு."

"உன் தட்டுல அடியில ரத்தக்குழாய் இருக்கா?"

"இல்ல மேடம். பிளாஸ்டிக்."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த மற்றத் தட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"தள்ளின தண்ணிக்குப் போக இடமில்ல," என்றாள் மெதுவாக. "திரும்பி மேலே வரவும் முடியாது, இடுக்கு மூடியிருக்கு. ஆனாலும் செல் அது வேலையை விடாம தள்ளிக்கிட்டே இருந்திருக்கு."

ஜெஸிந்தா இரண்டு தட்டுகளையும் மேசையில் அருகருகே வைத்தார். ஒன்று வழவழவென்று இருந்தது. மற்றது கொப்புளத்தோடு.

"நாளைக்கு எதைக் காட்டப்போறே?"

மாரீஸ்வரி அதற்குள் கொப்புளத் தட்டை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்தி எடுத்திருந்தாள்.

"மொதல்ல அந்த ஏசியை அணைங்க மேடம், இதுக்குக் குளிரும்," என்றாள்.