புல்லை வழித்த பசுவும் வரகுக்கோழியும்

வஞ்சியாத்தா என்ற மயிலைப் பசுவுக்குச் சொந்தமாக ஒரு மேய்ச்சல் காடு இருந்தது. சுற்றிலும் முள்ளுக் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல் நெஞ்சுயரம் நிற்கும்.

ஒரு நாள் அந்தப் புல்லுக்குள் வரகுக்கோழி என்ற அரிய புல்வெளிப் பறவை ஜோடி ஒன்று வந்து இறங்கியது. சேவல் சிறகடித்துப் புல்லுக்கு மேலே துள்ளியது. விழுந்தது. மறுபடியும் துள்ளியது!

"ஏனுங்க ஆத்தா, நாங்க இங்கயே தங்கிக்கட்டுங்களா?" என்று கேட்டது பெட்டை. "புல்லுக்காடெல்லாம் உழவுக்குப் போயிருச்சுங்க. இந்தப் பக்கம் எங்க இனத்துல மிச்சம் நாங்க ரெண்டு பேருதான். முட்டையிட இடமில்லாம அலையறோம்."

"இதைக் கேக்கோணுமா கண்ணு? உங்க வீடு மாதிரி இருங்க!" வஞ்சியாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேறு யார் காட்டுக்கு வரகுக்கோழி வந்திருக்கிறது, சொல்லுங்கள்!

மறுநாளே வேலியோரம் நரி வந்து நின்றது.

"விருந்தாளி வந்திருக்காங்களாமே ஆத்தா! காடு இப்படிப் புதர் மண்டிக் கிடந்தா ஊரு என்ன பேசும்? விருந்தாளி வந்தா வாசல் பெருக்க வேண்டாமா?"

ஊர் பேசுமா? போதுமே! வஞ்சியாத்தா அன்றைக்கே குனிந்த தலை நிமிராமல் மேய ஆரம்பித்தது. தனியாக முடியவில்லை என்று வேலிப் படலைத் திறந்து பக்கத்துக் காட்டு ஆடுகளையும் கூப்பிட்டது. காடு மொட்டைத் தலை மாதிரி ஆகிவிட்டது. சேவல் துள்ளுவதை நிறுத்திவிட்டது. பெட்டை மூலைக்கு ஒதுங்கியது.

"ஆத்தா, போதுமுங்க..." என்றது மெதுவாக.

"கூச்சப்படாதே கண்ணு! உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

கேட்டால்தானே! கடைசியில் அந்த மூலையில் மட்டும்தான் புல் மிஞ்சியது. நரி வேலிக்குள்ளேயே வந்துவிட்டது.

"அதையும் வழிச்சு விடுங்க ஆத்தா, அப்பத்தான் லட்சணம்!"

வஞ்சியாத்தா வாயைத் திறந்துகொண்டு போனது. புல்லுக்குள் பெட்டை அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றுக்கடியில் முட்டைகள். திரும்பிப் பார்த்தால், நரியின் வாயில் எச்சில் ஒழுகுகிறது!

"ஏண்டா, புல்லே தின்னாத உனக்கு என் புல்லு மேல என்னடா இத்தனை அக்கறை?"

"அது வந்துங்க ஆத்தா... ஊரு..."

"ஊராடா ஊரு!" வஞ்சியாத்தா கொம்பைத் தாழ்த்திப் பாய்ந்தது. நரி வேலியில் புகுந்து வெளியே ஓடியதில் பாதி வால்மயிர் கிளுவை முள்ளில் தொங்கியது.

அப்புறம்தான் வஞ்சியாத்தாவுக்கு அழுகை வந்தது. "பாவி நான்! உபசாரம்னு சொல்லி உன் கூரையையே தின்னுட்டேனே!"

"அழாதீங்க ஆத்தா, வேர் இருக்குதுல்ல? மழை பேஞ்சா வந்துரும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வாய் வெக்காம இருங்க, போதும்."

வஞ்சியாத்தா காட்டின் குறுக்கே படல் வைத்து அடைத்தது. ஒரு பக்கம் தனக்கு, மறு பக்கம் பறவைகளுக்கு. நரி வராமல் மூலைப் புல்லுக்கு முன்னாலேயே படுத்துக்கொண்டது. வயிறு இரைந்தாலும் அந்தப் புல்லில் வாய் வைக்கவில்லை. "மூக்குக்கு நேரா சோத்தை வெச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்குது பாரு!" என்று ஆடுகள் சிரித்தன. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டது.

மழை வந்தது. புல் சடசடவென்று எழுந்தது. முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் புல்லுக்குள் குடுகுடுவென்று ஓடின. அடைத்த பக்கத்துப் புல் விதை உதிர்த்ததில், அடுத்த மழைக்கு வஞ்சியாத்தாவின் பக்கமும் சேர்த்துக் காடே அடர்ந்துவிட்டது!

சேவல் மறுபடியும் துள்ளியது. சந்தோஷம் தாங்காமல் வஞ்சியாத்தாவும் ஒரு துள்ளுத் துள்ளியது. தரை அதிர, குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்தின.

"ஆத்தா, நீங்க மட்டும் துள்ளாதீங்க!" என்று சிரித்தது பெட்டை.

விருந்தாளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்வதே உபகாரம். நம் பெருமைக்குச் செய்வதெல்லாம் உபத்திரவம்.