தணிகாசலத்தின் டோக்கன்

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு 'ஐயோ பாவம்' என்று சொல்லி யாரும் எழுந்து போகக் கூடாது. எனக்கு வேண்டியது உங்கள் இரக்கமல்ல, தீர்ப்பு.

வடக்கே ஒரு கரிச் சுரங்கம். பெயர் வேண்டாம். தென்னார்க்காட்டிலிருந்து பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே கம்பெனி கொடுத்த லைன் வீடுகளில் இருக்கிறார்கள். அந்த லைனில் பூங்காவனம் என்றொரு தாய். அவள் புருஷன் நெஞ்சு நிறையக் கரித்தூளோடு இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். அவள் கரி பொறுக்கி விற்று இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். மூத்தவன் தணிகாசலம், அவன் மனைவி சுலோச்சனா, அவர்களுக்குப் பெண் குழந்தைகள். இளையவன் நாகப்பனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு. அண்ணனும் தம்பியும் ஒன்றாக வந்து உட்கார்ந்தால்தான் பூங்காவனம் சோறு போடுவாள். ஒருவன் வர நேரமானால் மற்றவன் பட்டினிதான்.

சுரங்கத்தில் ஒரு முறை உண்டு. உள்ளே இறங்குகிறவன் வாசல் பலகையிலிருந்து தன் எண் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் பலகை முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. அதனால் முந்தி வருகிறவன் கூட்டாளியின் டோக்கனையும் சேர்த்து மாட்டிவிடுவது அங்கே சர்வ சாதாரணம். மானேஜருக்கும் இது தெரியும். பலகை சீக்கிரம் நிறைந்தால் அடுத்த ஷிஃப்ட்டைச் சீக்கிரம் இறக்கலாம் அல்லவா? கண்டும் காணாமல் இருந்தார்.

ஒரு நாள், செத்துப்போன புருஷனுடைய திதி. பிள்ளைகள் கிளம்பும்போது பூங்காவனம் நாகப்பனிடம் சொன்னாள்: "அண்ணன் டோக்கனையும் நீயே மாட்டிடுடா. கூட்டத்துல நின்னு நேரத்தப் போக்காம ரெண்டு பேரும் வெரசா வாங்க. படையல் போடணும்."

வேலை முடிந்ததும் தணிகாசலம் டோக்கனைத் தம்பி கையில் கொடுத்தான். "நீ போடா, சாமான எடுத்து வச்சிட்டுப் பின்னாலயே வரேன்."

நாகப்பன் மேலே வந்து இரண்டையும் மாட்டினான். சற்று நேரத்தில் சுரங்க வாயிலிருந்து புகை கிளம்பியது. உள்ளே தீ. வாயை மண் போட்டு அடைத்தால் காற்றில்லாமல் தீ அடங்கும், கரி பிழைக்கும். மானேஜர் பலகையைப் பார்த்தார். ஒரு கொக்கியும் காலியில்லை. "மூடுங்க" என்றார்.

நாகப்பன் ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, எங்கண்ணன் உள்ள இருக்காருய்யா! அவரு டோக்கன மாட்டுனது நான்யா!"

அபாயச் சங்கு ஊதிய இரைச்சலில் அது வேறு யார் காதிலும் விழவில்லை. மானேஜர் காதில் விழுந்தது. அவர் காலை உதறிக்கொண்டு, "பலகை நெறஞ்சிருக்கு, போடா" என்றார். மண் விழுந்தது.

தீ அணைந்து வாயைத் திறந்தபோது தணிகாசலம் அந்த மண்ணை ஒட்டியே கிடந்தான். உடம்பில் தீக்காயம் இல்லை. மூச்சு முட்டித்தான் செத்திருந்தான்.

வெளியே வந்தவன் செம்புக் கம்பி திருடத் திரும்ப உள்ளே நுழைந்தான் என்று நிர்வாகம் எழுதியது. வேலையில் செத்தவனில்லை, ஆகையால் மனைவிக்கு ஒன்றும் கிடையாது. மானேஜர் வீடு தேடி வந்து நாகப்பனிடம் பதமாகப் பேசினார். "டோக்கனை நீ மாட்டினதா விசாரணையில வாயத் தொறந்தா வேலை போயிடும், வீடும் போயிடும். பேசாம இருந்துக்க. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

"நான் சொல்லிடறேன்" என்றான் நாகப்பன். "சோறு எறங்கல எனக்கு."

சுலோச்சனா வழி மறித்தாள். "சொல்லாதீங்க தம்பி. எம்புருஷனத் திருடன்னு எழுதுனா எழுதிட்டுப் போறாங்க. மிச்சம் இருக்கறது ஒங்க ஒரு வேலதான். எம்பொண்ணுங்களுக்குக் கஞ்சி வேணும்."

அண்ணியின் தாலியைத் தானே அறுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தவன் எப்படி மறுப்பான்? பேசமாட்டேன் என்று குழந்தைகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து கொடுத்தான்.

விசாரணையில் பூங்காவனம் எழுந்து நின்றாள். "மாட்டச் சொன்னது நான். மாட்டுனது இவன். இல்லன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

நாகப்பன் சத்தியத்தை மீறினான். நடந்தது அத்தனையையும் சொல்லி அழுதான். அன்றே அவன் வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது.

"செத்த புள்ளைக்காக இருக்கற புள்ளையக் காவு குடுத்துட்டீங்களே அத்த, நீங்க ஒரு தாயா?" என்று சுலோச்சனா கத்தினாள்.

"ரெண்டும் எம்புள்ளதாண்டி! ஒருத்தன் திருடனா மண்ணுக்குள்ள கெடப்பான், இன்னொருத்தன் அவனக் கொன்னவன் தயவுல சோறு திம்பானா?"

வாயை மூடு என்றாள் ஒருத்தி. மூடுவதாகச் சத்தியம் செய்து மீறினான் ஒருவன். குடும்பமே தெருவுக்கு வந்தாலும் சரி என்று பேசினாள் ஒருத்தி. சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பூங்காவனம் செய்ததே சரி. மகனின் பெயரைக் காப்பாற்றினாள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. டோக்கனை மாட்டியது தான்தான் என்று நாகப்பன் ஒப்புக்கொள்ளாதவரை, மூடுவதற்கு முன்பே அதை மானேஜரிடம் சொன்னதையும் அவன் சொல்ல முடியாது. ஆக அந்த மௌனம் காத்தது மானேஜரின் கழுத்தை. அதற்காகத்தான் அவர் வீடு தேடி வந்தார். சுலோச்சனாவை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், பிள்ளைகளின் பசியைக் காட்டி அவளை மிரட்டிவிட்டார்கள். நாகப்பனின் சத்தியமும் அதே மிரட்டலில் பிறந்ததுதான், மீறியதில் பாவமில்லை. பூங்காவனம் தன் தப்பை முதலில் சொன்னாள். அதனால்தான் அதே விசாரணையில் அடுத்த கேள்வியை அவளால் மானேஜரிடம் கேட்க முடிந்தது: "எம்மவன் ஒங்க காலப் புடிச்சிக் கத்துனானே, அப்புறமும் மூடச் சொன்னது யாரு?" மானேஜர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தணிகாசலம் திருடன் என்று எழுதியதை அடித்தார்கள். சுலோச்சனாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. மானேஜரையும் மாற்றினார்கள். வேறொரு சுரங்கத்துக்கு, மானேஜராகவே.